சிவப்புக் குட்டி வண்டி: கேட்டவர்களுக்கு என் பதில்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ஒரு சிவப்புக் குட்டி வண்டியின் படத்தைப் போட்டிருந்தேன். "என்ன வண்டி சார் இது?", "ஓடுமா சார்?", "விலைக்குக் குடுப்பீங்களா?" என்று ஏகப்பட்ட பேர் கேட்டுவிட்டீர்கள். பேரனுக்கு வாங்கிய பொம்மை வண்டி என்று நினைத்தவர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டினால் விரல் வலிக்கிறது. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் உங்களிடம் ஓர் உதவியும் கேட்கப் போகிறேன்.

போன வருடம் ஆகஸ்டில் ஒரு துக்கம் விசாரிக்கத் தாம்பரம் போயிருந்தேன். திரும்பும் வழியில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பழைய வண்டிக் கடை. காயலான் கடைக்குப் போகக் காத்திருந்த சாமான்களுக்கு நடுவில் இது சாய்ந்து கிடந்தது. சீட் கிழிந்து நார் வெளியே தெரிந்தது. இரண்டு டயரிலும் காற்று இல்லை. மேலே கன்னங்கரேலென்று பெயின்ட். ஸ்கூட்டர் சக்கரம் மாதிரிச் சின்னச் சக்கரம், ஆனால் மோட்டார் சைக்கிள் மாதிரி நடுவில் இன்ஜின். நான் நின்றதைப் பார்த்ததும் கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார்.

"சார், இது ஹோண்டா மங்கி. ஜப்பான் ஐட்டம். வெளிநாட்டுக்காரன் லட்சக்கணக்குல கேப்பான்."

"அப்படின்னா எனக்கு ஏன் இருபதாயிரத்துக்குக் குடுக்கறீங்க?"

"உங்க முகம் ராசியா இருக்கு சார்."

58 வயதில் ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகிறது, இதுவரை யாரும் என் முகத்தைப் பற்றி இப்படிச் சொன்னதில்லை. பதினாலாயிரத்துக்கு முடிந்தது. ஆர்.சி. புத்தகம் கேட்டேன். தொலைந்துவிட்டதாம். அதைக் கேட்ட உடனே நடையைக் கட்டியிருக்க வேண்டும். கட்டவில்லை. ஒரு குட்டி யானை பிடித்து, வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளத்துக்கு ஏற்றி வந்தேன். வாடகை 1,800.

வீட்டில் இறக்கியதும் என் மனைவி இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள். "ஏங்க, கடல் காத்துல இந்த வீட்டுல இருக்கிற துரு போதாதுன்னு காசு குடுத்து வேற துரு வாங்கிட்டு வந்தீங்களா?" என்றாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சுரண்டிப் பெயின்ட் அடிக்க வேண்டும். கோவளத்தில் இரும்பு வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும்.

முதல் வேலை, இது என்ன வண்டி என்று கண்டுபிடிப்பது. ஹோண்டா மங்கியைப் பற்றிப் படித்துப் பார்த்தேன். 1961-ல் டோக்கியோ பக்கம் தாமா டெக் என்ற பொழுதுபோக்குப் பூங்காவில் பிள்ளைகள் ஓட்டுவதற்காகச் செய்த வண்டிதான் அதன் மூலம். பெரியவர்கள் அதில் உட்கார்ந்தால் குரங்கு உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்பதால் அந்தப் பெயர். 1967-ல் கடைக்கு வந்தது. 50 சி.சி., நாலு ஸ்ட்ரோக் இன்ஜின். இந்த நாலு ஸ்ட்ரோக் என்ற இடத்திலேயே கடைக்காரர் சொன்ன கதை நொறுங்கிவிட்டது. நம் வண்டியின் சைலன்சர் வாயில் விரலை விட்டால் பிசுபிசுவென்று கரி ஒட்டியது. பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்து எரிந்த கரி அது. இன்ஜின் தலையில் வால்வு மூடி எதுவும் கிடையாது. ரெண்டு ஸ்ட்ரோக் என்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும்.

அடுத்தது சி.சி. எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இங்கே என் பழைய மாணவன் ஒருவன் வருகிறான். பெயர் வேண்டாம். மீன்பிடிப் படகுகளின் இன்ஜின் பழுது பார்ப்பவன், பைக்கும் பார்ப்பான். உப்பில் ஊறிய இன்ஜின்களோடு இருபது வருடமாக மல்லுக்கட்டுபவன். வண்டியைப் பார்த்ததும், "சார், இது சீஸ் ஆகிக் கிடக்கு. பிஸ்டன் ஒட்டிக்கிச்சு" என்றான். ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியாக டீசல் ஊற்றி நாலு நாள் ஊறப்போட்டோம். அப்புறம் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டினோம். ஐந்தாம் நாள் காலையில் 'டொக்' என்றொரு சத்தம். எனக்கு வயிற்றுக்குள் என்னவோ அசைந்த மாதிரி இருந்தது.

தலையைக் கழற்றி அளந்தோம். சிலிண்டரின் உள் விட்டம் 61 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலிருந்து கீழ் வரை போகும் தூரம் 59. மாணவன் கைபேசியை எடுத்தான். நான் தடுத்துவிட்டுப் பழைய நோட்டின் பின்பக்கத்தில் போட்டேன். ஆரம் 30.5. அதன் வர்க்கம் 930.25. அதை 22/7-ஆல் பெருக்கி, 59-ஆலும் பெருக்கினால் ஏறக்குறைய 1,72,500 கன மில்லிமீட்டர். அதாவது 172.5 சி.சி. முப்பது வருடமாக உருளையின் கன அளவு என்று கரும்பலகையில் எழுதியவனுக்கு ஒரு நிஜமான உருளை கிடைத்தது அன்றைக்குத்தான்.

அந்தக் காலத்து இந்திய வண்டிகளில் 175 சி.சி. ரெண்டு ஸ்ட்ரோக் என்றால் என் வயதுக்காரர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது ராஜ்தூத். ஃபரீதாபாத்தில் எஸ்கார்ட்ஸ் கம்பெனி போலந்து நாட்டுக் கூட்டுறவோடு செய்த வண்டி. போலந்தில் கீல்ட்சே என்ற ஊரில் செய்த எஸ்.எச்.எல். எம்-11 என்ற வண்டிதான் அதற்கு முன்னோடி. கிராமத்துப் பால்காரர்கள் இரண்டு பக்கமும் கேன் கட்டி, ஊருக்கே கேட்கும் சத்தத்தோடு ஓட்டிய அதே ராஜ்தூத். அதே இன்ஜினைக் குட்டிச் சட்டத்தில் வைத்து ஜி.டி.எஸ். 175 என்று ஒரு வண்டி விட்டார்கள். ஜி.டி.எஸ். என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. பாபி பைக் என்றால் தெரியும்.

1973 செப்டம்பரில் ராஜ் கபூரின் 'பாபி' வந்தது. ரிஷி கபூரும் டிம்பிள் கபாடியாவும். அதில் வந்த வண்டிதான் இது. எனக்கு அப்போது பதினைந்து வயது. இந்தி ஒரு வார்த்தை தெரியாது. படத்தைப் பார்த்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் வண்டியைப் புரிந்துகொள்ள மொழி எதற்கு? அடுத்த வருடம் தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் ஒரு வசதியான வீட்டுப் பையன் அதே மாதிரி வண்டியில் வந்து இறங்கினான். நான் அப்பாவின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தொட்டுப் பார்க்க ஆசை. தொடவில்லை. அவன் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் காலத்துச் சின்ன வண்டி என்றால் திருப்பதியில் செய்த சுவேகா, 1972-ல் வந்த லூனா, அதற்கப்புறம் 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 தான். நான் கடன் போட்டு டி.வி.எஸ். 50 வாங்கியபோது எனக்குக் கல்யாணம் ஆகி இரண்டாவது குழந்தையும் பிறந்துவிட்டது.

பாபி வண்டிதான் என்று மனசு குதித்தாலும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. சாதா ராஜ்தூத்தின் சட்டத்தை வெட்டி ஒட்டிச் சின்னச் சக்கரம் மாட்டி, பாபி என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் பெயின்டை உரித்தோம். நானூறாம் நம்பர் எமரித் தாள், தண்ணீர், பொறுமை. கருப்புக்குக் கீழே நீலம். நீலத்துக்குக் கீழே சிவப்பு. சட்டத்தில் வெட்டி ஒட்டிய தழும்பு எங்கும் இல்லை. ஹேண்டில் பார் கழுத்துப் பக்கம் சட்ட எண் தெளிவாக வந்தது. பின்பக்க நம்பர் பலகையைச் சுரண்டியபோது எம்.எஸ். என்று தொடங்கும் பழைய மெட்ராஸ் பதிவெண் நிழல் போலத் தெரிந்தது.

அந்த எண்ணை எழுதிக்கொண்டு தாம்பரம் கடைக்காரரிடம் மறுபடி போனேன். "மங்கிக்கு ஏன் சார் மெட்ராஸ் நம்பர்?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, தான் எடுத்த வீட்டைக் காட்டிக் கொடுத்தார். அதற்காக அவரை மன்னித்துவிட்டேன்.

அந்த வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. கணவர் ரயில்வேயில் இருந்தவர், இறந்து ஏழு வருடம். வீட்டை இடித்துக் கட்டப் போவதால் ஷெட்டில் கிடந்ததையெல்லாம் மகன் விற்றுவிட்டார். நான் இன்னார், வண்டி என்னிடம்தான் இருக்கிறது என்றதும், "அது இன்னும் இருக்கா தம்பி?" என்று கேட்டார்கள். காபி வந்தது. அப்புறம் ஒரு டிரங்குப் பெட்டி வந்தது. அதில் கணவரின் பணிச் சான்றுகள், கல்யாணப் பத்திரிகை, பழைய ரேஷன் கார்டு, எல்லாவற்றுக்கும் கீழே ஆர்.சி. புத்தகம். தொலையவே இல்லை. யாரும் அந்த அம்மாவிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தயாரித்தவர்: எஸ்கார்ட்ஸ், ஃபரீதாபாத். பதிவான தேதி 1975 மார்ச். நிறம் சிவப்பு. சட்ட எண்ணை என் தாளோடு ஒப்பிட்டேன். ஒவ்வொரு இலக்கமும் சரியாக இருந்தது. என் கை லேசாக நடுங்கியது என்று சொன்னால் சிரிப்பீர்கள். அடுத்த வரியில் இன்ஜின் எண். அதையும் ஒப்பிட்டேன். ஒரு இலக்கம் கூடப் பொருந்தவில்லை.

அந்த அம்மாவுக்கு நினைவிருந்தது. "சின்னப் பொண்ணு பொறந்த வருஷம், எண்பத்தி நாலு. பல்லாவரம் மேட்டுல வண்டி அப்படியே நின்னுபோச்சு. குரோம்பேட்டையில ஒரு பட்டறையில விட்டார். அவன் வேற இன்ஜின் மாத்திக் குடுத்தான். பழசை அவனே எடுத்துக்கிட்டான். அதுக்கப்புறம் இவருக்கு அந்த வண்டி மேல ஒட்டுதல் போயிடுச்சு தம்பி. சத்தம் மாறிப்போச்சுன்னு சொல்லிட்டே இருப்பார்." மாற்றிய விவரத்தைப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிந்திருக்க வேண்டும். அவர் பதியவில்லை. அந்தக் காலத்தில் யார் பதிந்தார்கள்?

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். 2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு. கார் மட்டுமில்லை, இரண்டு சக்கர வண்டிக்கும் உண்டு. ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிந்தால் எண்ணில் வி.ஏ. என்ற எழுத்து வரும், கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். தினமும் கடைக்குப் போக ஓட்ட முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று ஓட்டலாம். எனக்கு அது போதும். அந்த எம்.எஸ். எண்ணோடு முட்டுக்காடு பாலம் வரை ஒரு நாள் விடியற்காலையில் போய் வந்தால் போதும் என்று இருந்தேன். நம் வண்டிக்கு இந்த வருடம் மார்ச்சோடு ஐம்பது முடிந்தது. ஆனால் அதே விதியில் இன்னொரு வரி இருக்கிறது. வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும். சட்டத்திலோ இன்ஜினிலோ மாற்றம் செய்திருக்கக் கூடாது.

போக்குவரத்து அலுவலகத்தில் போய்க் கேட்டேன். நாற்காலி கொடுத்துப் பொறுமையாகத்தான் பேசினார்கள். வாரிசுச் சான்றிதழ் வாங்கி அந்த அம்மா கையெழுத்துப் போட்டால் பெயர் மாற்றத்துக்கு வழி உண்டு. ஆனால், "1984-ல மாத்தின இன்ஜினுக்கு பில் இருக்கா சார்?" என்று கேட்டார்கள். பட்டறையே இல்லை, பில்லுக்கு எங்கே போவது?

இதை மாணவனிடம் சொன்னேன். கார்புரேட்டரை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இதுக்கா சார் இவ்ளோ யோசிக்கிறீங்க? இருக்கிற நம்பரை ஒரு தேய்ப்பு. பஞ்ச் செட்டுல புக்குல இருக்கிற நம்பரை அடிச்சிடலாம். ரெண்டு வாரம் கடற்கரையில வெச்சா அம்பது வருஷத்துப் பழசாயிடும். நம்ம ஊரு உப்புக் காத்து இந்த உதவி கூடவா செய்யாது?"

"அப்படியெல்லாம் பண்ணக் கூடாதுடா" என்று அந்த நிமிஷமே சொல்லியிருந்தால் இங்கே பெருமையாக எழுதலாம். சொல்லவில்லை. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. திருட்டு வண்டி இல்லையே, சட்டம் அசல்தானே, புத்தகத்தில் இருக்கும் எண்ணைத்தானே போடப் போகிறோம், யாருக்கு நஷ்டம் என்று எல்லா நியாயமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாத்தியார் புத்திக்கு நியாயம் கண்டுபிடிப்பதா கஷ்டம்?

மறுநாள் போய், "வேண்டாம்டா. பொய் நம்பர் வேண்டாம்" என்றேன்.

அவன் கேலியாகச் சொல்லவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டான். "பொய்க் கணக்கு நீங்க எழுதினதே இல்லையா சார்?"

எழுதியிருக்கிறேன். இவனுக்காகவே எழுதியிருக்கிறேன். அப்போது கடலோரத்து ஆரம்பப் பள்ளி ஒன்றில் இருந்தேன். இவன் ஐந்தாம் வகுப்பு. பொங்கலுக்கு அப்புறம் வரவில்லை. அப்பாவோடு கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டான். வீட்டுக்குப் போய் இரண்டு தடவை கூப்பிட்டேன், வரவில்லை. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தால் ஓர் ஆசிரியர் பணியிடம் போய்விடும். போனால் கடைசியில் சேர்ந்தவனை எங்கேயாவது தூக்கிப் போடுவார்கள். கடைசியில் சேர்ந்தவன் நான். வீட்டில் கைக்குழந்தை. வருகைப் பதிவேட்டில் இவனுக்கும் இன்னும் மூன்று பேருக்கும் பள்ளி மூடும் வரை தினமும் வந்ததாகக் குறி போட்டேன். பரீட்சையும் எழுதியதாக ஆனது. ஐந்தாம் வகுப்பு தேர்ச்சி.

"அந்த சர்டிபிகேட்டுல இருந்த பொறந்த தேதியை வெச்சுத்தான் சார் பாஸ்போர்ட் எடுத்தேன். அதை வெச்சுத்தான் துபாய் போனேன். அங்கதான் இந்த வேலை கத்துக்கிட்டேன்" என்றான். "நீங்க மட்டும் அன்னிக்கு ஆப்சென்ட் போட்டிருந்தீங்கன்னா நான் இன்னும் வலைதான் இழுத்துட்டு இருப்பேன்."

அவன் அதை நன்றியாகத்தான் சொன்னான். நான் வாங்கிக்கொண்டது வேறு மாதிரி. மற்ற மூன்று பேர் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது. வலை இழுப்பது ஒன்றும் கேவலமில்லை என்று சொல்ல வாய் வந்தது. அதுவும் வாத்தியார் பேச்சாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். "டீ சொல்லட்டுமா சார்?" என்றான். குடித்தோம்.

பஞ்ச் அடிக்கவில்லை. ஏன் என்று நேர்மையாகச் சொன்னால், முதல் காரணம் பயம். எண்ணைத் தேய்த்து அடிப்பது குற்றம், பிடிபட்டால் இந்த வயதில் வழக்கு. இரண்டாவது காரணத்தைச் சொன்னால் நம்புவீர்களோ என்னவோ. இன்ஜினில் இருக்கும் எண்ணை ஒரு நாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அதில் ஒரு 4 மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. யாரோ ஒருவர் சுத்தியல் வைத்து அடித்தபோது கை லேசாக விலகியிருக்கிறது. அதைப் பார்த்த பிறகு கிரைண்டரை அதன் பக்கத்தில் கொண்டுபோக மனம் வரவில்லை.

எண் கிடக்கட்டும், வண்டி ஓட வேண்டுமே. அந்த வேலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சிலிண்டரை போர் போட்டு அடுத்த அளவு பிஸ்டன் போட்டோம். பிஸ்டனுக்காகப் புதுப்பேட்டையில் மூன்று நாள் அலைந்தேன். ஒரு கடையில், "பாபியா? எங்க அப்பா காலத்துல கேட்டது" என்றார்கள். நாலாவது கடையில் மேல்தட்டிலிருந்து தூசியோடு எடுத்துக் கொடுத்தார்கள். ரெண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் பக்கத்து ஆயில் சீல் முக்கியம். அது போனால் காற்று இழுத்துக்கொள்ளும், எத்தனை உதைத்தாலும் எடுக்காது. அதனால் இரண்டு பக்கமும் புதுசு. பாயின்ட், கண்டன்ஸர் மாற்றியாயிற்று. ஆறு வோல்ட் பல்ப் தேடுவதுதான் பெரும்பாடு.

டேங்க் உள்ளே முழுக்கத் துரு. அதற்கு மட்டும் என் மனைவியின் யோசனை. பித்தளைப் பாத்திரம் தேய்க்கிற புளிதானே, கரைத்து ஊற்றிப் பாருங்கள் என்றாள். புளிக்கரைசலோடு ஒரு கைப்பிடி நட்டும் பழைய செயின் துண்டும் போட்டு ஒரு வாரம் குலுக்கினேன். மாணவன் சிரித்தான். கவிழ்த்தபோது ரசம் மாதிரி ஒன்று வந்தது, உள்ளே வெள்ளையாக இரும்பு தெரிந்தது. அப்புறம் சிரிக்கவில்லை. உடனே ஆயில் பூசி வைக்காவிட்டால் மறுநாளே திரும்பத் துரு பிடிக்கும், அதை மறக்கக் கூடாது.

இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் இருபது சதவீதம் எத்தனால். அது தண்ணீரை இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். அதனால் ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி செய்துவிடுகிறேன். லிட்டருக்கு நாற்பது மில்லி டூ-டி ஆயில். அதாவது இருபத்தைந்துக்கு ஒன்று. விகிதம் புரியாத பிள்ளைகளை அனுப்பி வையுங்கள், இலவசம்.

குரோம் பூச்சு விஷயத்தில் ஏமாந்தேன். ஹேண்டில் பாரைப் பளபளவென்று பூசி வாங்கி வந்து ஐப்பசி மழையில் ஒரு மாதம் விட்டேன், புள்ளி புள்ளியாகக் கிளம்பிவிட்டது. இப்போது வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் லேசாக வாசலின் தடவுகிறேன். படகுக்காரர்கள் கிரீஸ் தடவுவதைப் பார்த்துக் கற்றது. மொத்தச் செலவு நாற்பத்தோராயிரம். இதை என் மனைவி படிக்க மாட்டாள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

ஜூலை மாதம் ஒரு மாலை. வீட்டுக் காம்பவுண்டுக்குள் நிறுத்தி உதைத்தேன். இருபது உதை. மாணவன் உதைத்தான், பத்து. மறுபடி நான். மூன்றாவது உதையில் ஒரு இருமல், அப்புறம் தடதடதட. தெருவே வெள்ளையாகிவிட்டது. உள்ளேயிருந்து என் மனைவியின் குரல்: "கொசு மருந்து வண்டியா? ஜன்னலை மூடுங்க!" பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மதில் மேல் ஏறிவிட்டார்கள். நான் தாம்பரம் அம்மாவுக்குக் கைபேசியில் போட்டு இன்ஜின் பக்கத்தில் பிடித்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "இது அவர் சத்தம் இல்ல தம்பி. ஆனாலும் நல்லாத்தான் இருக்கு" என்றார்கள்.

ஆக, ஓடுமா என்று கேட்டவர்களுக்கு: ஓடும், காம்பவுண்டுக்குள் மட்டும். கிணற்றடியிலிருந்து கேட் வரை பதினெட்டு மீட்டர். ரோட்டில் எடுக்க மாட்டேன், எடுக்கக் கூடாது. விலைக்குக் கேட்டவர்களுக்கு: இல்லை.

இப்போது நான் கேட்க வந்த உதவி. 1984-ல் குரோம்பேட்டையில் கழற்றிய அந்தப் பழைய இன்ஜினை அந்தப் பட்டறைக்காரர் தூக்கி எறிந்திருக்க மாட்டார். அந்தக் காலத்தில் யாரும் எறிய மாட்டார்கள். சரி செய்து வேறு ஏதாவது ராஜ்தூத்தில் மாட்டியிருப்பார். பம்மல், அனகாபுத்தூர், குன்றத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டு, எங்கேயாவது ஒரு மாட்டுக்கொட்டகையில், ஷெட்டில், மாமா வீட்டுக் கொல்லையில் ஒரு ராஜ்தூத் கிடந்தால், ஒரு துணியும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு போய் இன்ஜின் எண்ணைத் துடைத்துப் பாருங்கள். கடைசி மூன்று இலக்கம் 417. இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். இன்ஜின் ஓட வேண்டாம், உடைந்திருந்தாலும் பரவாயில்லை. நியாயமான விலை தருவேன், ராசியான முகம் என்றெல்லாம் பேசமாட்டேன்.

பார்க்க வர விரும்புபவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வாருங்கள். வாரம் ஒரு முறை அப்போதுதான் ஸ்டார்ட் செய்வேன். காபி உண்டு. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வராதீர்கள்.